நாலே நாற்காலி

இல்ல தம்பி, பை மேல வேணாம். மடியிலயே இருக்கட்டும். உள்ள ஒரு கவர் இருக்கு, கசங்கக்கூடாது. நீங்க ஜன்னல் ஓரம் ஒக்காருங்க, எனக்கு வெளிய பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. முப்பத்திநாலு வருஷமா இந்தக் காரைக்கால் பாண்டி ரோட்ட பாத்தாச்சு. பாத்துப் பாத்துக் குமட்டுது.

பாண்டிக்குத்தானா? லேப்டாப் பையெல்லாம் இருக்கு, கம்பெனி வேலையா? சொந்த ஊரு மெட்ராஸா? நல்லது. கவர்மென்ட் வேலை இல்லையே? அப்ப நீங்க புண்ணியம் பண்ணவரு. அப்படியே இருந்துக்குங்க.

நானும் பாண்டிக்குத்தான், ஒரு தலைமை ஆபீசுக்கு. நான் எந்த டிபார்ட்மென்டுன்னு கேக்காதீங்க. சொன்னா இந்த பஸ்லயே நாலு பேரு திரும்பிப் பாப்பான். ஒருத்தன் எனக்கு சித்தப்பா முறையா இருப்பான், இன்னொருத்தன் எங்க ஆபீசருக்கு மச்சானா இருப்பான். எங்க ஊரு அவ்வளவுதான். மாநிலம்னுகூட சொல்லக்கூடாது, யூனியன் பிரதேசம்.

உங்க பக்கம் எத்தனை மாவட்டம், முப்பத்தெட்டா? ஒருத்தனுக்குப் ப்ரமோஷன் வந்தா தர்மபுரி போவான், தேனி போவான். எங்க போனாலும் இட்லி கெடைக்கும், தமிழ்ல திட்டலாம். எங்களுக்கு மொத்தம் நாலு துண்டு. பாண்டி ஒண்ணு. அங்கேர்ந்து நூத்திமுப்பது கிலோமீட்டர் தள்ளி காரைக்கால், நடுவுல பூரா தமிழ்நாடு. மாஹே கேரளாவுக்குள்ள கெடக்கு. ஏனாம் ஆந்திராவுக்குள்ள, காக்கிநாடா பக்கத்துல. பிரெஞ்சுக்காரன் எங்கெங்க எடம் புடிச்சானோ அதெல்லாம் சேத்துக் கட்டி, இதுதான் உங்க ஊருன்னு குடுத்துட்டாங்க.

எங்க டிபார்ட்மென்ட்ல சூப்பிரண்டு போஸ்ட் நாலு. ஊருக்கு ஒண்ணு. நாலே நாற்காலி. கீழ அசிஸ்டென்டுங்க நாப்பது பேரு அண்ணாந்து பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கோம். ஒருத்தன் ரிட்டயர் ஆகணும், இல்ல செத்துப் போகணும், அப்பத்தான் ஒரு நாற்காலி காலியாகும். அதனால எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் எல்லாரோட பொறந்த தேதியும் மனப்பாடம். வாழ்த்து சொல்றதுக்குன்னு நெனச்சீங்களா? ஒருத்தருக்கு சுகர் முன்னூறுன்னு கேள்விப்பட்டா, ஐயோ பாவம்னு சொல்லிக்கிட்டே, எந்த ஊர்ல போஸ்ட் காலியாகும்னு மனசுல ஓட்டிப் பாப்பான். சீ, மனுஷங்களா இவங்க. நானும் ஓட்டிப் பாத்திருக்கேன், இல்லன்னு சொல்லல. ஆனா நான் வெளிய காட்டிக்கிட்டதில்ல.

ரெண்டாயிரத்துப் பத்துல எனக்கு ஆர்டர் வந்துச்சு. சீனியாரிட்டி லிஸ்ட்ல மொதல் பேரு, வேதரத்தினம், நான்தான். சூப்பிரண்டு ப்ரமோஷன். பிரிச்சுப் பாத்தா, ஏனாம்.

ஏனாம் எப்படிப்பட்ட ஊருன்னு உங்களுக்குத் தெரியாது தம்பி. கோதாவரியில வெள்ளம் வந்தா வீட்டுக்குள்ள தண்ணி. சோத்துல வாய் வைக்க முடியாது, அவ்வளவு காரம். பேசினா ஒரு எழுத்து புரியாது. வெயிலு வேற. மனுஷன் இருக்கற எடமே இல்ல.

போயிருக்கீங்களான்னா? நான் எதுக்குப் போகணும்? போனவங்க சொன்னதக் கேட்டா போதாதா. ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும் ஏனாம் எப்படின்னு. போகாதவனுக்குக்கூடத் தெரியும்.

ஆனா நான் அவசரப்படல. அதான் என் சாமர்த்தியம். எங்க காரைக்கால் நாற்காலியில அப்ப ஹாஜா மொய்தீன் சாருன்னு ஒருத்தர் இருந்தாரு, தங்கமான மனுஷன். அவரு ரிட்டயர் ஆக சரியா பதினாலு மாசம். ரூல் என்ன சொல்லுது? ப்ரமோஷன் வேணாம்னு எழுதிக் குடுத்தா ஒரு வருஷத்துக்குக் கூப்பிட மாட்டாங்க. அப்ப பன்னண்டு மாசம் ஓடும். பதிமூணாம் மாசம் நான் மறுபடியும் லிஸ்ட்ல மேல வருவேன். பதினாலாம் மாசம் ஹாஜா மொய்தீன் சார் மாலை போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போவாரு. நான் வீட்டுலேர்ந்து சைக்கிள்ல போயி அந்த நாற்காலியில ஒக்காருவேன். எப்படி? எழுதிக் குடுத்துட்டேன், வேணாம்னு.

என் சம்சாரம் சகுந்தலா, ஆர்டர் வந்த அன்னிக்கே பாரதியார் வீதிக்குப் போயி ஒரு பொட்டி வாங்கிட்டு வந்து நிக்கறா. நீலப் பொட்டி, சக்கரம் வெச்சது, உள்ள ஒரு ஆளப் படுக்க வைக்கலாம். போயிட்டு வாங்க, ஒரு வருஷம்தானே, புள்ளைய நான் பாத்துக்கறேன், லீவுக்கு நாங்க வர்றோம், கோதாவரியப் பாக்கலாம்ங்கிறா. சர்வீஸ் விஷயம் அவளுக்கு என்ன தெரியும். பொட்டி பரண் ஏறிச்சு. பதினாறு வருஷமா அங்கதான் எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. இன்னிக்குக் காலைல நான் கெளம்பறப்போ பாக்கறேன், கீழ எறக்கி ஈரத் துணியால தொடச்சிட்டிருக்கா. என்னான்னேன். ஒட்டடை அடிக்கிறேங்கிறா. வெள்ளிக்கெழமை எவளாவது ஒட்டடை அடிப்பாளா? வர வர அவளுக்கும் புத்தி மழுங்குது.

தரங்கம்பாடி தாண்டிட்டமா? சரி, கேளுங்க.

நான் வேணாம்னா அடுத்தவனக் கேப்பாங்க. அடுத்தவன் உத்திராபதி. எனக்கு ரெண்டு வருஷம் ஜூனியர், என் பக்கத்து மேசை, நான் வேலை கத்துக் குடுத்த பய. அவனும் வேணாம்னு எழுதி, இப்படியே எல்லாரும் எழுதினா, கடைசியில நிர்வாகக் காரணம்னு சொல்லி யாரையாவது புடிச்சுத் தள்ளுவாங்க. அது நானாவும் இருக்கலாம். அதனால அவன டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். போடா, நல்ல ஊருடா, ஆத்து மீனு, கடல் மீனு ரெண்டும் கெடைக்கும், வாழ்க்கையில ஒரு தடவ சூப்பிரண்டுன்னு ஒக்காந்து பாருன்னு சொன்னேன். அவன் யோசிச்சான். அவனுக்கு அப்ப ரெட்டைக் கொழந்தைங்க, நாலு மாசம். அண்ணே, அவ்வளவு நல்ல ஊருன்னா நீங்க ஏன் போகலன்னு கேட்டான். எனக்கு ஒரு பொண்ணு இருக்குடான்னேன். அவன் டீய முடிச்சிட்டு எந்திரிச்சான். போயிட்டான். பொண்டாட்டியையும் ரெண்டு கொழந்தையையும் தூக்கிக்கிட்டு, ரயில் ஏறிப் போயே போயிட்டான்.

இப்ப பாருங்க அவன் பண்ண வேலைய.

பதிமூணாம் மாசம், ஹாஜா மொய்தீன் சார் ரிட்டயர் ஆக ஒரே மாசம் இருக்கறப்போ, ஏனாம்லேர்ந்து ஒரு மனு. தனக்குக் காரைக்காலுக்கு மாறுதல் வேணும்னு. எங்க சர்வீஸ்ல ஒரு வழக்கம் உண்டு. ஏனாம், மாஹே போயி ஒரு வருஷம் முடிச்சவனுக்குத்தான் சொந்த ஊர் நாற்காலி மொதல்ல. அவன் வேணாம்னாதான் புதுசா ஒருத்தனுக்குப் ப்ரமோஷன். எனக்குத் தெரியாதா? தெரியும். எல்லாருக்கும் தெரியும். ஆனா இவன் கேப்பான்னு நான் நெனைக்கல தம்பி. நான்தானே டீ வாங்கிக் குடுத்து அனுப்பினேன், அந்த மரியாதைக்காவது வாயத் தெறக்காம கெடப்பான்னு நெனச்சேன்.

அவன் வந்து காரைக்கால் நாற்காலியில ஒக்காந்துட்டான். ஏனாம் காலி. லிஸ்ட்ல மேல நான். எனக்கு ரெண்டாவது ஆர்டர் வருது. பிரிச்சுப் பாத்தா, ஏனாம்.

சிரிக்காதீங்க. எல்லாரும் சிரிச்சாச்சு. நீங்களும் சிரிங்க, பரவால்ல.

ரெண்டாவது தடவையும் எழுதிக் குடுத்தேன். அதே லெட்டர், தேதி மட்டும் வேற. அப்புறம் மூணாவது தடவை. அதுக்கப்புறம் ஆர்டர் போடறதுக்கு முன்னாடியே பாண்டியிலேர்ந்து செக்‌ஷன்காரன் போன் பண்ணி, அண்ணே, வழக்கம்போலத்தானேன்னு கேப்பான். வழக்கம்போலத்தான்ப்பான்னு சொல்லுவேன். என்னத் தாண்டி போனவங்க பதினொரு பேரு. எல்லாம் எனக்குப் பின்னாடி வந்தவன், ஃபைலு எந்தப் பக்கம் தெறக்கும்னு என்கிட்டக் கேட்டவன். இப்ப எனக்கு இன்னும் அஞ்சு மாசம் சர்வீஸ். அசிஸ்டென்டாவே வந்து அசிஸ்டென்டாவே போகப் போறேன், அதுவும் உத்திராபதிக்குக் கீழ.

அவன் நடிப்பு இருக்கே, அதத்தான் சகிக்க முடியாது. சூப்பிரண்டு ஆயிட்டான், பேரு சொல்லிக் கூப்பிட வேண்டியதுதானே? இன்னிக்கும் அண்ணேங்கிறான். நான் அவன் ரூமுக்குள்ள போனா எந்திரிச்சு நிக்கறான். ஒரு நாள்கூட என்ன நிக்க வெச்சுப் பேசினதில்ல. அருவருப்பா இருக்கு தம்பி. நாலு வார்த்தை திட்டினா எனக்கு நிம்மதியா இருக்கும்.

ஏனாம்லேர்ந்து வந்தப்போ ஒரு இனிப்பு கொண்டாந்தான், காகிதம் மாதிரி மடிச்சு மடிச்சு உள்ள சக்கரையும் நெய்யும். ஆபீஸ் பூரா தின்னுச்சு. நான் தொடல. வீட்டுக்கு ஒரு டப்பா குடுத்து அனுப்பினான். என் பொண்ணு புனிதா, புனிதவதி, அப்ப அதுக்கு ஒம்பது வயசு, ஒக்காந்த எடத்துல எட்டு தின்னுச்சு. தின்னுட்டு, அப்பா இது எந்த ஊரு, நாம எப்பப் போவோம்னு கேட்டுச்சு. உன்னாலதான் புள்ள நான் போகலன்னேன். அதுக்கப்புறமும் ஆயிரம் தடவை சொல்லியிருக்கேன். பெருமையாத்தான் சொன்னேன். பெத்தவன் அவளுக்காக என்ன விட்டுக் குடுத்தான்னு புள்ளைக்குத் தெரியணுமில்ல?

சீர்காழியில டீ குடிப்பீங்களா? நான் குடிக்கிறதில்ல. டீன்னாலே எனக்கு உத்திராபதி ஞாபகம்தான் வருது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். புனிதா எம்.எஸ்ஸி கெமிஸ்ட்ரி. குடிதண்ணி பரிசோதனை பண்ற லேபுக்கு பரிச்சை எழுதினா. எங்க நாலு துண்டுக்கும் சேத்து கெமிஸ்ட் போஸ்ட் நாலே நாலு, அதுல ஒண்ணு காலி. எண்ணூறு பேரு எழுதி இவ மொதல்ல வந்தா. தெருவே வந்து கை குடுத்துச்சு. போன மாசம் ஆர்டர் வந்துச்சு. பிரிச்சுப் பாத்தேன்.

ஆமா. ஏனாம்.

முப்பது நாளுக்குள்ள சேரணும். இல்லன்னா ஆர்டர் ரத்து, அடுத்த ஆளுக்குப் போயிடும். முப்பதாவது நாள் வர்ற திங்கக்கெழமை.

நான் அன்னிக்கே விசாரிச்சிட்டேன். காரைக்கால் லேப்ல இருக்கற கெமிஸ்ட் ரிட்டயர் ஆக அஞ்சு மாசம். ஒடம்பு சரியில்லன்னு சொல்லி சேர்றதுக்கு ஆறு மாச அவகாசம் கேக்கலாம், ரூல்ல எடம் இருக்கு. அஞ்சு மாசத்துல இவர் போவாரு, ஆறாவது மாசம் இவ வீட்டுலேர்ந்து ஸ்கூட்டில போயி சேந்துடலாம். எப்படி? ரூல் தெரிஞ்சவன் வீட்டுல பொறந்தா அவ்வளவு சௌகரியம்.

என்ன தம்பி அப்படிப் பாக்கறீங்க? அது வேற, இது வேற. அன்னிக்கு உத்திராபதி இருந்தான். லேப்ல உத்திராபதி கெடையாதே.

இவ என்னடான்னா குதிக்கறா. அப்பா, ஏனாம் லேப்ல நான் ஒருத்திதான் கெமிஸ்ட், தண்ணி எடுக்கறதுலேர்ந்து ரிப்போர்ட்ல கையெழுத்து வரைக்கும் நான்தான், ரெண்டு வருஷத்துல எல்லாம் கத்துக்குவேன், இங்க இருந்தா ஒருத்தருக்குக் கீழ பத்து வருஷம் பாட்டில் கழுவணும்ங்கிறா. தனியாக் கெடந்து சாகறதுல என்ன பெருமை? அப்பாவப் பாரு, அவசரப்படாம இருந்தேன், தெனம் மதியம் வீட்டுக்கு வந்து சூடா சாப்பிட்டேன்னேன். பாத்தேன்ப்பான்னா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் பத்து நாள் என்கிட்டப் பேசல.

அந்தப் பத்து நாள்ல வீட்டுல என்னென்னமோ நடக்குது. உத்திராபதி பொண்டாட்டி வந்து சகுந்தலாகூட ரெண்டு மணி நேரம் பேசிட்டுப் போறா. என்ன விஷயம்னு கேட்டா, ரசப்பொடிங்கிறா. ரெண்டு மணி நேரம் ரசப்பொடி.

நேத்து சாயங்காலம் புனிதா தானா வந்து, சரிப்பா, நீங்க சொல்றதையே எழுதித் தர்றேன்னா. நான்தான் சொன்னேன், அவ எழுதினா. இன்னிக்குக் காலைல கவர்ல போட்டு ஒட்டிக் குடுத்தா. ஆபீஸ்ல குடுக்கறப்போ பிரிச்சுக்குங்கன்னா. பெத்த பொண்ணு தம்பி, கடைசியில அப்பன் சொன்னதுதான் சரின்னு தெரிஞ்சுக்கிட்டா.

உங்களுக்குக் காட்டறேன் பாருங்க. லெட்டர் எழுதறதுன்னா எங்க டிபார்ட்மென்ட்ல என்னத்தான் கூப்பிடுவாங்க. எல்லாரும் இங்கிலீஷ்ல எழுதுவான், நான் தமிழ்ல எழுதுவேன், படிச்சா கண்ணு கலங்கும். பாண்டியில வேற கவர் வாங்கிக்கலாம், அதுக்கென்ன. அந்தப் பையைக் கொஞ்சம் புடிங்க.

இது என்ன, ஜெராக்ஸா இருக்கு.

இது அவ எழுத்து இல்லையே. என் எழுத்துல்ல இது. இருங்க, கண்ணாடிய போட்டுக்கறேன்.

'ஐயா, எனது ஒரே மகள் புனிதவதி, வயது எட்டு, மூன்றாம் வகுப்பு படித்து வருகிறாள். என்னைப் பிரிந்தால் அவள் உணவு உண்ணமாட்டாள். அவளது எதிர்காலத்தை முன்னிட்டு இப்பதவி உயர்வு எனக்கு வேண்டாம் எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

இது ரெண்டாயிரத்துப் பத்துல நான் குடுத்தது. மொத லெட்டர்.

உத்திராபதி வேலைதான் இது, வேற யாரு? ஆபீஸ் ஃபைல்லேர்ந்து உருவிக் குடுத்திருக்கான். ஒருத்தன் சர்வீஸ் ஃபைல வெளிய குடுக்கறது எவ்வளவு பெரிய குத்தம் தெரியுமா? நான் மேல எழுதினா அவன் பென்ஷனே...

இல்ல. இருங்க. ஆபீஸ் காப்பியில நம்பர் போட்டு சீல் குத்தியிருக்கும். இதுல சீல் இல்ல. இது நான் வீட்டுல வெச்சிருந்த காப்பி. என் பீரோவுல, லாக்கருக்குள்ள இருந்தது. அந்த சாவி சகுந்தலா இடுப்புலதான் இருக்கு.

கீழ என்னமோ எழுதியிருக்கா. இதுதான் அவ எழுத்து. நீங்களே படிங்க தம்பி, எனக்கு பஸ்ஸு குலுங்கறதுல எழுத்து ஓடுது. சத்தமா வேணாம், எனக்குக் கேட்டா போதும்.

ம்.

அதத் திரும்பப் படிங்க. 'நான் நல்லாத்தான் சாப்பிட்டிருப்பேன் அப்பா.' சரி. அப்புறம்? 'உன்னாலதான் அப்பா போகலன்னு சொல்லிச் சொல்லியே என்ன வளத்தீங்க. பதினாறு வருஷமா அத நான் சுமக்கறேன். என்ன அப்ப யாரும் கேக்கல. என் லெட்டர்ல யார் பேரையும் காரணமா எழுத எனக்கு மனசில்ல. நீங்க பாண்டி போய்ச் சேர்றதுக்குள்ள நான் ரயில் ஏறிடுவேன். திங்கக்கெழமை முற்பகல் பணியில் சேர்கிறேன்.'

முற்பகல். சர்க்கார் பாஷையில காலைலன்னு அர்த்தம் தம்பி. பணியில சேர்றப்போ அப்படித்தான் எழுதணும். சரியாத்தான் எழுதியிருக்கா. யாரு சொல்லிக் குடுத்தா, நான் சொல்லிக் குடுக்கல.

ஒரு நிமிஷம், சகுந்தலாவுக்குப் போன் போட்டுக்கறேன்.

சகுந்தலா. அந்த நீலப் பொட்டி எங்க? ம். எப்ப? ஆட்டோவுல யாரு ஏத்துனா? ம். சாப்பிட்டாளா? இல்ல, கோவமா கேக்கல, சும்மாதான் கேக்கறேன், கெளம்பறதுக்கு முன்னாடி சாப்பிட்டாளா? ம். வெச்சிடு.

நல்லா சாப்பிட்டாளாம். நாலு தோசை.

வீடு பூரா சேந்து என்ன இந்த பஸ்ல ஏத்தி விட்டிருக்காங்க பாத்தீங்களா. டிக்கெட் எடுத்து, கவரு குடுத்து, வாசல்ல நின்னு கை ஆட்டி. தூ. இந்த மாதிரி ஒரு வீட்ட நீங்க பாத்திருக்கமாட்டீங்க.

பாண்டி போயி நான் என்ன பண்ணப் போறேன்? குடுக்க ஒண்ணும் இல்லையே. எறங்கித் திரும்பலாம், திரும்பி எங்க போறது, அவதான் போயிட்டாளே. தம்பி, ஏனாம்ல பொம்பளப் புள்ள தனியா இருந்துக்க முடியுமா? உங்க போன்ல போட்டுப் பாத்தா தெரியுமா? கோதாவரி தண்ணி எந்த மாசம் வரும், தங்கறதுக்கு எடம் மேட்டுல இருக்கா பள்ளத்துல இருக்கா, இதெல்லாம் போன்ல வராது. வாழ்ந்தவனத்தான் கேக்கணும். இத்தன வருஷமா ஏனாம் ஏனாம்னு சொல்லிக்கிட்டிருக்கேன், அங்க கடைத்தெரு எந்தப் பக்கம்னுகூட எனக்குத் தெரியாது.

தெரிஞ்சவன் ஒருத்தன்தான். அவன் நம்பர் இதுல இருக்கு. ஒரு தடவகூட நான் கூப்பிட்டதில்ல. எனக்குப் போன் அடிச்சாலும் ஆபீஸ் விஷயம் மட்டும்தான் பேசுவேன்.

சிதம்பரம் வந்துடுச்சா? பஸ் கொஞ்ச நேரம் நிக்கும்ல. சரி.

உத்திராபதி, நான் வேதரத்தினம். ஆமா. இல்ல, லீவு லெட்டர் மேசை மேல வெச்சிருக்கேன். அதுக்குக் கூப்பிடல. அது வந்து, ஏனாம்ல, நீ இருந்தப்போ, வயசுப் பொண்ணு ஒண்ணு தனியா தங்கறதுக்கு நல்ல எடமா... ம். ம். எப்ப? யாரு, உங்க வீட்டுலயா வந்து சொன்னாங்க? மாடியா, கீழயா? ம். சரி. சரிப்பா. வெச்சிடறேன்.

வீடு பாத்தாச்சாம் தம்பி. நீ இருந்த தெருவான்னுகூட நான் கேக்கல, அவனே சொல்றான். அவன் குடியிருந்த அதே வீட்டு மாடியாம், வெள்ளம் ஏறாதாம், வீட்டுக்காரம்மா பொண்ணு மாதிரி பாத்துக்குமாம், ஸ்டேஷனுக்கு ஆள் வர்றதுக்கும் சொல்லி வெச்சிருக்கானாம். பத்து நாளைக்கு முன்னாடியே.

பாத்தீங்களா அவன் புத்திய? இதுலயும் எனக்கு முன்னாடி போயிட்டான்.